அப்பாவின் மனத்தில் எது உண்மை: பீரோ சாவியா, புதுக் கண்ணாடியா?

கதவோரம்

அப்பாவுக்கு 71 வயது. நுரையீரல் புற்றுநோய். கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டது. இரண்டு விதமான மருந்துகள் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவதைத் தொடங்கலாமா என்று மருத்துவர் கேட்கிறார். மூச்சுத் திணறல் முற்றினால் வென்டிலேட்டரில் வைப்பதா வேண்டாமா என்பதையும் வீட்டில் பேசி முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அண்ணனை அழைத்து, பீரோ சாவியைக் கையில் கொடுத்து, எந்தப் பத்திரம் எந்த உறையில் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "அம்மாவைத் தனியாக விட்டுவிடாதே" என்றார். அப்பா எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டார், இனி அவரைப் படுத்தக் கூடாது என்று அண்ணன் சொல்கிறான். வியாழக்கிழமை அக்காவிடம் அவரே, எழுத்து மங்கலாகத் தெரிகிறது, புதுக் கண்ணாடி வேண்டும், அடுத்த வருடம் பேத்தி கல்லூரியில் சேரும்போது கூட வருவேன் என்கிறார். இவ்வளவு ஆசையோடு இருப்பவரிடம் சாவைப் பற்றிப் பேசினால் நான் சும்மா இருக்கமாட்டேன் என்கிறாள் அக்கா.

நேற்று இரவு இருவரும் கூடத்தில் சண்டை போட்டார்கள். அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் மூவரில் கடைசி. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது, அதுதான் தொல்லை. இரண்டில் எது அப்பாவின் உண்மையான மனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கரிக்கோல்

இது பலமுறை ஆராயப்பட்ட விஷயம்தான். எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் மரணப் படுக்கையில் இருந்தவர்களை நேரில் பேட்டி கண்டு, 1969இல் ஐந்து நிலைகளை முன்வைத்தார்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. உங்கள் அப்பா சாவியைக் கொடுத்தது ஏற்பு. கண்ணாடி கேட்டது மறுப்பு. அதாவது ஏற்பு நிலையை எட்டிவிட்டுச் சற்றுப் பின்வாங்கியிருக்கிறார். அவகாசம் கொடுங்கள், மறுபடி அந்த நிலைக்கு வருவார். அப்போது பேசிக்கொள்ளலாம்.

இரவுப்பணி

கரிக்கோல் ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். 19 வருடமாகப் புற்றுநோய் வார்டில் செவிலியாக இருக்கிறேன். அந்த ஐந்தையும் வரிசையாக ஏறிப்போன ஒரு நோயாளியையும் நான் பார்த்ததில்லை. காலை எட்டு மணிக்கு ஏற்பு, பத்து மணிக்கு மருத்துவர் மீது கோபம், மதியம் பேரம், இரவில் மறுபடி ஏற்பு. சிலருக்குக் கோபம் மட்டும்தான், கடைசி நாள் வரைக்கும். கூப்லர்-ராஸ் அம்மையாரே, தான் சொன்னதைப் படிக்கட்டாக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். 1995க்குப் பிறகு பக்கவாதத்தால் பல ஆண்டுகள் முடங்கியிருந்தார். அந்த நாட்களில் தமக்கு வந்த கோபத்தை அவர் மறைக்கவும் இல்லை.

ஏவரி வைஸ்மன் என்ற மனநல மருத்துவர் 1972இல் எழுதியதுதான் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. அறிதலுக்கும் அறியாமைக்கும் நடுவே ஓர் அறிவு இருக்கிறது என்றார். நோயாளிக்குத் தெரியும். ஆனால் எந்நேரமும் தெரிந்துகொண்டே இருக்க முடியாது. சூரியனைப் பார்ப்பது மாதிரி. ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளத்தான் வேண்டும். திருப்பிக்கொண்டதற்காக அவருக்குச் சூரியன் இருப்பது தெரியாது என்று ஆகுமா?

தம்பி கதவோரம், அப்பாவுக்குக் கண்ணாடி வாங்கிக்கொடுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றால் அவர் இன்று எதையோ படிக்க ஆசைப்படுகிறார். அடுத்த வருடம் அப்புறம்.

பாதிநிலா

நோயாளியிடம் எதையும் சொல்லக் கூடாது. எங்கள் பெரியப்பாவிடம் ஒரு மருத்துவர் போட்டு உடைத்துவிட்டார். ஒன்பதே நாளில் போய்விட்டார். மனம் விட்டுப்போனால் உடம்பு விட்டுப்போகும். உங்கள் அக்கா சொல்வதே சரி.

மூன்றாவதுமாடி

இங்கே நோயாளிகளைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறீர்கள். நான் நோயாளி. வயது 46. சினைப்பைப் புற்றுநோய் மூன்றாம் முறையாகத் திரும்பியிருக்கிறது. இனி குணமாகாது, எனக்குத் தெரியும். உட்காரத் தெம்பு இருக்கும் நேரத்தில் இதைத் தட்டச்சு செய்கிறேன். பாதியில் நின்றால் தூங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாவைப் பற்றிய பயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. இல்லாமல் போவதை நினைத்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் பயம். மூச்சு முட்டும்போது பக்கத்தில் யாராவது இருப்பார்களா? வலியில் நான் யாரையாவது கேவலமாகத் திட்டிவிடுவேனா? என் மகன் என்னை எந்தக் கோலத்தில் கடைசியாகப் பார்ப்பான்? இரவு இரண்டு மணிக்கு வரும் கேள்விகள் இவை. பகலில் வருபவர்கள் கேட்பதோ "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதுதான்.

எல்லோரும் அறைக்கு வெளியே குரலைத் தாழ்த்துவார்கள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவார்கள். அந்தச் சரிசெய்த முகம் இருக்கிறதே, அதைப் பார்த்தவுடன் நானும் என் முகத்தைச் சரிசெய்துகொள்வேன். "இன்று பரவாயில்லை" என்பேன். அவர்கள் நிம்மதியாகக் கிளம்பிப் போவார்கள். கிளாஸர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் மருத்துவமனைகளில் இதைக் கவனித்து 1965இலேயே எழுதிவிட்டார்கள் என்று என்னைப் பார்க்க வரும் ஆலோசகர் சொன்னார். இரு தரப்புக்கும் தெரியும், இரு தரப்பும் தெரியாததுபோல் நடிக்கும். அதற்குப் பரஸ்பரப் பாசாங்கு என்று பெயராம். நான் இதில் தேர்ந்த நடிகை. ஒரு வருடம் மேடையேறியிருக்கிறேன். சம்பளம்தான் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "நீ போராளி, ஜெயித்துவிடுவாய்" என்று சொல்லாதீர்கள். அப்படியானால் செத்துப்போகிறவர்கள் சரியாகப் போராடாதவர்களா?

பாதிநிலா, உங்கள் பெரியப்பாவுக்காக வருந்துகிறேன். ஆனால் ஒன்பது நாளில் போகிற உடம்புக்கு அந்தச் செய்தி முன்னாலேயே தெரிந்திருக்கும்.

இரவுப்பணி

சகோதரி, மெல்ல எழுதுங்கள். நாங்கள் எங்கும் போய்விட மாட்டோம்.

பாதிநிலா சொன்னதற்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வாயைத் திறக்கிறோம். சொன்ன சில நாட்களில் அவர் போய்விடுகிறார். சொன்னதால் போனார் என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. அதேசமயம் எதையும் தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் காதில் வலுக்கட்டாயமாகப் போடுவதும் கொடுமை. "எனக்கு விவரம் வேண்டாம், என் மனைவியிடம் பேசுங்கள்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அப்படிச் சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை, மற்றவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள்.

கரிக்கோல்

படிக்கட்டு விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம் என்றால் குடும்பம் எதை வைத்து முடிவெடுக்கும்? வென்டிலேட்டர் வேண்டாம் என்று காலையில் சொன்னவர் இரவில் வேண்டும் என்றால்? மனம் மாறுவது இயல்பு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவன் பாடு வேறு.

மூன்றாவதுமாடி

நியாயமான கேள்வி. போன மாதம் ஒரு ராத்திரி, போதும், இப்போதே முடிந்துவிட வேண்டும் என்று மனதார விரும்பினேன். பொய்யில்லை. விடிந்ததும் மார்ஃபின் என்ற வலி மருந்தின் அளவைக் கூட்டினார்கள். வெந்நீரில் உடம்பைத் துடைத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குச் சன்னல் வழியாக வெயில் வந்தது. சரி, இன்றைக்கு இருப்போம் என்று தோன்றியது. அதுவும் பொய்யில்லை. அன்றிரவே யாராவது என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

மெதுநடை

நோய்த்தணிப்புச் சிகிச்சை மருத்துவர் நான், நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைப்பது என் வேலை. மூன்றாவதுமாடி சகோதரி சொன்னது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். கனடாவில் ஹார்வி சோச்சினாவும் அவருடைய குழுவினரும் முற்றிய புற்றுநோயாளிகளிடம் வாழும் விருப்பம் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் இரண்டு முறை கேட்டுக் குறித்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில் 12 மணி நேரத்துக்குள்ளேயே அது கணிசமாக ஏறி இறங்கியது. பதற்றம், மனச்சோர்வு, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு அது பிணைந்திருந்தது. அதனால் "நான் செத்துப்போனால் தேவலை" என்று ஒருவர் சொன்னால் நான் பதறுவதுமில்லை, உடனே அதை முடிவாக எடுத்துக்கொள்வதுமில்லை. "எது தாங்க முடியவில்லை?" என்று கேட்பேன். பல நேரம் வலி. சில நேரம் மலச்சிக்கல், சிரிக்காதீர்கள், மனிதரை உலுக்கிவிடும். சில நேரம் உண்மையான மனச்சோர்வு நோய், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. வேறு சில நேரம் இவை எதுவுமில்லாத களைப்பு. நிறைய வாழ்ந்தாகிவிட்டது என்ற நிதானமான எண்ணம். அதையும் மதிக்க வேண்டும்.

கரிக்கோல் கேட்டதற்கு வருகிறேன். மனநிலை மணிக்கு மணி மாறும். ஆனால் தன் வாழ்க்கையில் எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று ஒருவர் வைத்திருக்கும் கணக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆகவே "வென்டிலேட்டர் வேண்டுமா" என்று எடுத்த எடுப்பில் கேட்பது தப்பான இடத்தில் தொடங்குவது. "நோயைப் பற்றி நீங்கள் என்ன புரிந்துவைத்திருக்கிறீர்கள்?" என்று தொடங்கலாம். பதிலைக் கேட்டுவிட்டு, இன்னும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று அனுமதி கேட்கலாம். பிறகு எது பயமாக இருக்கிறது, எது நடந்தால் இன்றைய நாள் நல்ல நாள், எதைச் செய்ய முடியாமல் போனால் வாழ்வதில் அர்த்தமில்லை என்று நினைப்பீர்கள் என்றெல்லாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. வேறு வேறு நாளில், வலி அடங்கிய வேளையில், மறுபடி கேளுங்கள். நாலு முறை கேட்டு நாலு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதுதான் படிவத்தில் போக வேண்டியது. நோய் முற்றும்போது சிலருக்குக் குழப்பநிலை வரும். ஆளை மாற்றிப் பேசுவார்கள், இரவைப் பகல் என்பார்கள். அந்த நேரத்துப் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

மருத்துவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஐந்து போதனா மருத்துவமனைகளில் 9,000க்கும் மேற்பட்ட தீவிர நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 1995இல் வெளியானது. இதயம் நின்றால் அதை மறுபடி இயக்க முயல வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளில் 47 விழுக்காட்டினருடைய விருப்பம்தான் அவர்களுடைய மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. பாதிக்கும் குறைவு. இன்னும் எத்தனை நாள் என்று கணிப்பதிலும் அப்படியே: 2000இல் வந்த ஓர் ஆய்வில் 468 நோயாளிகளைப் பற்றிய கணிப்புகளில் ஐந்தில் ஒன்றுதான் ஓரளவு சரி. மற்றவற்றில் பெரும்பாலானவை மிகையான நம்பிக்கை. எங்களுக்கும் உங்கள் அக்காவின் மனம் உண்டு, வெள்ளைக் கோட்டுக்குள் மறைத்துவைத்திருக்கிறோம்.

கதவோரம், மூன்றாவது மருந்து பற்றி ஒன்று. அது நோயைக் குணப்படுத்தும் என்று அப்பா நினைக்கிறாரா, அவகாசம் தரும் என்று நினைக்கிறாரா? பரவிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்த 1,193 பேரிடம் கேட்ட ஆய்வு 2012இல் வந்தது. நுரையீரல் நோயாளிகளில் 69 விழுக்காட்டினர், அந்த மருந்தால் குணமாக வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் இல்லை என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். அப்பாவுக்கு இருப்பது போன்ற பரவிய நுரையீரல் புற்றுநோயில், 151 பேரை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவு. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. அப்படியிருந்தும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

அரைச்சுவர்

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். என் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. சிறுநீரகம் செயலிழந்து நான்கு வருடம் டயாலிசிஸ். ஒருநாள் திரும்பும் வழியில், காரில், "என்னால் உனக்கு எவ்வளவு சிரமம்" என்றார். "அப்படியெல்லாம் பேசாதீர்கள் அம்மா" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவர் சரி என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு கடைசி வரை தன் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவர் தைரியமாக இருக்கிறார் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவதுமாடி

அரைச்சுவர், உங்கள் அம்மா இடத்தில் இருந்துதான் எழுதுகிறேன். பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் வலியைவிட மோசம். வலிக்காவது மாத்திரை இருக்கிறது. "இல்லவே இல்லை" என்று நீங்கள் சொல்லும்போது எங்களுக்குக் கேட்பது "இந்தப் பேச்சை என்னால் தாங்க முடியாது" என்பதுதான். உடனே உங்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடுவோம்.

என் மகன் ஒருநாள் வேறு மாதிரி சொன்னான். "ஆமாம் அம்மா, களைப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இங்கேதான் இருக்க விரும்புகிறேன்" என்றான். 19 வயது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக, நான் போன பிறகு அவன் எங்கே தங்குவான், யாரோடு பேசுவான் என்று இருவரும் பேசினோம். நடுவில் ஒருமுறை சிரித்தும்விட்டோம்.

மெதுநடை

அரைச்சுவர், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத பிள்ளை கிடையாது. நானும் என் தந்தையிடம் சொன்னேன், மருத்துவப் பட்டத்தோடு. கடைசிக் காலத்தில் எது முக்கியம் என்று நோயாளிகளையும் மருத்துவர்களையும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2000இல் வந்தது. வலி தணிய வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்று. பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது, தெளிவான நினைவு வேண்டும், பிறருக்கு ஏதாவது உதவியாக இருக்க வேண்டும் என்பவற்றையோ நோயாளிகள் மருத்துவர்களைவிட மிக முக்கியமாகக் கருதினார்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். படுக்கையில் கிடப்பவருக்கும் கொடுக்க ஏதோ இருக்கிறது. நாம்தான் வாங்கிக்கொள்ள மறுக்கிறோம்.

பாதிநிலா

இடையில் ஒரு கேள்வி. பெரியப்பா கடைசி நாட்களில் இறந்துபோன தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் அவரை உலுக்கி உலுக்கி எழுப்பினோம். அது தவறா?

இரவுப்பணி

தவறு என்று சொல்லி உங்களைப் புண்படுத்த மாட்டேன், யாருக்கும் தெரியாததுதான். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 59 நோயாளிகளிடம் கேட்டு 2014இல் எழுதியிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் அத்தகைய கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். இறந்தவர்கள் வந்த கனவுகள்தான் அதிக ஆறுதலாக இருந்தனவாம். அவர் பயந்து நடுங்கினால் மருத்துவரை அழையுங்கள். முகம் அமைதியாக இருந்தால், தம்பி என்ன சொன்னார் என்று கேட்கலாம். நான் கேட்பதுண்டு. நல்ல கதைகள் வரும்.

கதவோரம்

எட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

சனிக்கிழமை மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே போனேன். மெதுநடை சொன்ன முதல் கேள்வியை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். "நோயைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அப்பா" என்று கேட்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, ஒருவனாவது கேட்டானே" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார், நடுவில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டார். கூடத்தில் நடந்த சண்டை முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. சாவியா, கண்ணாடியா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் அண்ணனுக்கு வேலை கொடுத்தால்தான் அழாமல் இருப்பான். அதனால் அவனிடம் பத்திரம். அக்காவுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். அதனால் அவளிடம் கல்லூரி. இரண்டும் எனக்குள் இருப்பதுதான், நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. யாருக்கு எது தாங்குமோ அதைக் கொடுத்தேன்" என்றார்.

நாங்கள் அவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஏன் ஒன்றும் கொடுக்கவில்லை" என்று கேட்டேன். "நீ கதவருகிலேயே நின்றாய். உள்ளே வருகிறவனுக்குத்தானே கொடுக்க முடியும்" என்றார். இங்கே நான் வைத்துக்கொண்ட பெயர் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது மருந்தை ஒரு சுற்று எடுத்துப் பார்ப்பாராம். படுத்தினால் நிறுத்திவிட வேண்டும். வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் குழாய் வேண்டாம். இதைத் திங்கட்கிழமை மறுபடி கேட்டேன், நேற்றும் கேட்டேன், மாறவில்லை. பயம் எதற்கு என்றால், மூச்சுக்கு. மருத்துவரிடம் அதைச் சொன்னோம். மூச்சுத் திணறலுக்கும் குறைந்த அளவு மார்ஃபின் உதவும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். அண்ணனிடம் நான் சொல்லிவிட்டேன். அக்காவிடம் அப்பாவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் பேசவில்லை. அவள் என்னோடு பேசுவதில்லை.

மெதுநடை

அக்காவுக்கு அவகாசம் கொடுங்கள். அப்பாவை அவசரப்படுத்த வேண்டாம். அவருக்கு அவளை உங்களைவிட நன்றாகத் தெரியும். குழாய் வேண்டாம் என்பதை மட்டும் இன்றே மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். நெருக்கடி இரவில்தான் வரும், அப்போது பணியில் இருப்பவருக்கு உங்கள் உரையாடல் எதுவும் தெரியாது.

மூன்றாவதுமாடி

கண்ணாடி வந்ததா?

கதவோரம்

வந்தது அக்கா. மூக்கில் நிற்காமல் வழுக்குகிறதாம். அளவெடுத்தவனை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருக்கிறார்.